ஊதியவர் பெயர் எங்கே?

சிக் சாக்லேட் என்றோர் எக்காளக் கலைஞரை அறிவீர்களா? அந்தோணியோ சேவியர் வாஸ் என்பது இயற்பெயர். 1916-இல் கோவாவின் ஆல்டோனா சிற்றூரில் பிறந்தவர். கறுப்பின மக்கள் கண்ணீரிலே கண்டெடுத்த ஜாஸ் இசையைப் பம்பாய் தாஜ் ஓட்டலிலே முழக்கினார். இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங் எனப் புகழப்பட்டார்.

படவுலகம் அழைத்தது. சி. ராமச்சந்திராவுக்குத் துணைநின்று, 1951-இல் அல்பேலா படப் பாடல்களுக்குத் துள்ளல் தந்தார். அவ்வாண்டே நாதான் படத்துக்குத் தாமே இசையமைத்தார். 1967-இல் மறைந்தார்.

பாட்டு பட்டிதொட்டியெல்லாம் பரவிற்று. அவர்போல் ஓட்டலிலிருந்து படத்துக்கு வந்த கோவாக் கலைஞர் பலரின் பெயரோ திரையிலே வரவேயில்லை!

கும்மிடிப்பூண்டியிலே உருளும் இரும்புக் கம்பியில் கம்பெனிப் பெயர் உண்டு. உலைமுன் வெந்தவர் பெயர் உண்டா? ஊதியவருக்கு ஊதியம் மட்டும் போதாது, உரிய பெயரும் வேண்டும் என்கிறோம் நாம்!