கரி: மாருதி 800-ல் இருந்து ரேஸ் கார் செய்தவர்

செகண்ட் ஹேண்ட் கார் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய ஆக்டேவியா ஆர்எஸ், போலோ ஜிடிஐ, அபார்த் புன்ட்டோ என்று தேடிப் பார்க்காத மெக்கானிக்கல் பையன் நம்ம காலேஜில் இருக்கானா? வேலைக்குப் போனதும் ஒண்ணு வாங்கணும், மாசத்துக்கு ஒரு நாள் டிராக்கில் ஓட்டணும். இந்தக் கனவு உங்களுக்கும் இருந்தால் ஒருத்தரோட கதையை நீங்க தெரிஞ்சுக்கணும். பேர் சுந்தரம் கரிவர்தன். ரேஸ் உலகத்தில் எல்லோருக்கும் அவர் வெறும் "கரி".

முதலில் நம்ம ஏரியாவில் இருந்தே ஆரம்பிக்கலாம். கொருக்குப்பேட்டை கேட் திறந்து, மூலக்கடை, மாதவரம், செங்குன்றம் தாண்டிப் போனால் சோழவரம். கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒண்ணு இருக்கு. போர் முடிஞ்ச பிறகு அந்த கான்கிரீட் தளத்தில்தான் மெட்ராஸ் ரேஸ்கள் நடந்தன. 1953-ல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் வரும் வரைக்கும், இந்தியாவில் கார் ரேஸ் என்றால் சோழவரம்தான். வட சென்னைக்காரங்க நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கரி பிறந்தது 1954-ல், கோயம்புத்தூரில். லட்சுமி மில்ஸ் குடும்பம். 1910-ல் குப்புசாமி நாயுடு ஆரம்பித்த அந்த மில்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிடலாம்: கரி வசதியான வீட்டுப் பிள்ளை. நம்ம மாதிரி இஎம்ஐ கணக்குப் போட்டுக் கனவு கண்டவர் இல்லை. ஆனால் அவர் வாழ்க்கையில் முக்கியமானது அவரிடம் பணம் இருந்தது இல்லை. பணம் இல்லாதவனும் ரேஸுக்குள் வர ஒரு வழி செய்ததுதான்.

அப்போ நிலைமை எப்படின்னு பாருங்க. 1970-களில் இந்தியாவில் கார் வாங்கணும்னா அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு. அவ்ளோதான். ரேஸ் ஓட்டணும்னா அந்த ஃபியட் இன்ஜினையோ ஹெரால்டு இன்ஜினையோ பிரிச்சு, ஹெட்டைத் தேய்ச்சு, கார்புரேட்டரை மாத்தி, கதவையும் சீட்டையும் கழட்டி எறிஞ்சு ஓட்டணும். இல்லைன்னா வெளிநாட்டில் யாரோ ஓட்டி முடிச்ச பழைய ரேஸ் காரை வாங்கிக் கப்பலில் கொண்டு வரணும். அதுக்கு இம்போர்ட் லைசென்ஸ் வேணும், காரின் விலைக்கு மேலேயே போகிற சுங்க வரி கட்டணும். ராஜ குடும்பத்துக்காரங்களும் பெரிய தொழிலதிபர்களும் மட்டும்தான் அந்த ஆட்டத்தை ஆட முடிஞ்சது. 1980-களில் விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்தில் ஓட்டினார் என்றால் பார்த்துக்கோங்க.

பழைய ரேஸ் காரில் இன்னொரு சிக்கலும் இருக்கு. கார் வந்து சேர்ந்த பிறகுதான் செலவே ஆரம்பிக்கும். ஒரு கியர் பல் உடைஞ்சால் ஸ்பேர் இங்கிலாந்தில் இருந்து வரணும். அது வருகிற வரைக்கும் கார் ஷெட்டில் தூங்கும். ஒரு ஆளிடம் பெரிய இன்ஜின், இன்னொரு ஆளிடம் சின்ன இன்ஜின் என்றால் ரேஸில் ஜெயிப்பது டிரைவரா, பர்ஸா என்பதும் தெரியாது.

கரி இதையெல்லாம் உள்ளே இருந்தே பார்த்தவர், ஏன்னா அவரே ரேஸ் ஓட்டினவர். ஓட்டுவதோடு நிக்காமல் கார் டிசைன் செய்யவும் கட்டவும் இறங்கினார். கோயம்புத்தூரில் அவர் நடத்திய "சூப்பர் ஸ்பீட்ஸ்" டீம் அந்தக் காலத்து ரேஸ்காரங்களுக்குப் பழக்கமான பேர். கோயம்புத்தூரில் ஃபவுண்டரியும் லேத்தும் பம்ப் கம்பெனியும் தெருவுக்குத் தெரு உண்டு. வரைபடம் கையில் இருந்தால் பார்ட் செய்து தர ஆள் கிடைப்பான். அந்த ஊரில் இருந்துதான் இந்த வேலை நடந்தது என்பது தற்செயல் இல்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 ரோட்டுக்கு வந்தது. 796 சிசி, மூணு சிலிண்டர், 40 குதிரைத்திறனைக்கூடத் தொடாத இன்ஜின். ரேஸ் பைத்தியம் பிடிச்சவங்க இதைப் பார்த்தால் சிரிப்பாங்க. கரி இந்த இன்ஜினை எடுத்துத்தான் ஒரு சிங்கிள் சீட்டர் ரேஸ் கார் செய்தார். 1980-களின் கடைசியில் வந்த அந்த காருக்கு ஃபார்முலா மாருதி என்று பேர்.

இதில் இருக்கிற இன்ஜினீயரிங்கைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மாருதி 800 முன்சக்கர டிரைவ். இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே கட்டாக இருக்கும். அந்தக் கட்டை அப்படியே தூக்கி டிரைவருக்குப் பின்னாடி வெச்சால், அது பின்சக்கரத்தை ஓட்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட் தேவையில்லை. எடை பின்னாடி வருவதால் பிடிமானமும் கிடைக்கும். மாருதி 800-இன் எடை 650 கிலோ பக்கம். கதவு, கண்ணாடி, கூரை, பின்சீட் எதுவுமே இல்லாத கார் அதைவிட ரொம்ப லேசு. பவர் அதே இருந்தாலும் எடை குறைஞ்சால் பவர்-டு-வெயிட் ஏறும். இதை நாம செகண்ட் இயரில் படிச்சோம், பரீட்சையில் எழுதினோம், மறந்துட்டோம்.

அதைவிடப் பெரிய விஷயம், இந்த இன்ஜினுக்கு ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும். பிஸ்டன் ரிங் போனால் புதுப்பேட்டையில் வாங்கிடலாம், கிளட்ச் போனால் பக்கத்துத் தெரு மெக்கானிக்கே மாத்திடுவார். எல்லார்கிட்டயும் ஒரே இன்ஜின் என்பதால் பணக்காரன் பெரிய இன்ஜின் வாங்கித் தப்பிக்க முடியாது. பவர் கம்மியான காரில் ஒரு கார்னரில் தப்பு பண்ணினால் ஆக்சிலரேட்டரை மிதிச்சு அதைச் சரிக்கட்டவும் முடியாது. இழந்த வேகம் அடுத்த நேர் பாதை முழுக்க உங்களைத் தண்டிக்கும். அதனால் பிரேக் எங்கே பிடிக்கணும், ஸ்டீயரிங் எங்கே திருப்பணும் என்பதை டிரைவர் கத்துக்கிட்டே ஆகணும்.

கத்துக்கிட்டவங்களில் ஒருத்தர் நாராயண் கார்த்திகேயன். டீனேஜில் அவர் ரேஸ் ஓட்ட ஆரம்பித்தது ஃபார்முலா மாருதியில்தான். 2005-ல் ஜோர்டான் டீமில் சேர்ந்து ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த வருஷம் அமெரிக்க கிராண்ட் பிரிக்ஸில் நாலாவது இடம். அன்னிக்கு ஆறு கார்தான் ஓடியது, மத்த டீம்கள் டயர் பிரச்சினையால் விலகிட்டாங்க என்பதும் உண்மை. ஆனாலும் மாருதி 800 இன்ஜினில் ஆரம்பிச்ச ஒரு பையன் அந்த கிரிட்டில் நின்றான் என்பது மாறாது.

கரி அதைப் பார்க்கவில்லை. 1995 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். வயசு 41. எட்டு வருஷம் கழிச்சு, 2003-ல், கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு டிராக் திறந்தாங்க. அதுக்கு அவர் பேர்தான்: கரி மோட்டார் ஸ்பீட்வே. ஃபார்முலா பாரத் போட்டிக்கு மாணவர்கள் காரைக் கட்டி எடுத்துட்டுப் போகிற இடமும் அதுதான். அடுத்த தடவை நம்ம பசங்க கரிக்குப் போறோம்னு சொல்லும்போது அது ஒரு ஆளோட பேர் என்று ஞாபகம் வெச்சுக்கோங்க.

சரி, இப்போ உங்க செகண்ட் ஹேண்ட் காருக்கு வருவோம். கரியோட வேலையில் இருந்து நான் எடுத்துக்கிட்ட பாடம் இது: காரை வாங்குற விலை வேற, ஓட்டுற விலை வேற. ஆப்பில் சீப்பாகத் தெரிகிற ஜெர்மன் காரின் டர்போவும் டிஎஸ்ஜி கியர்பாக்ஸும் போனால், மிச்சம் பிடித்த பணம் எல்லாம் அதிலேயே போயிடும். நல்ல கண்டிஷனில் இருக்கிற பழைய ஸ்விஃப்ட் உங்களை நிறைய நாள் டிராக்கில் வெச்சிருக்கும். வாங்கும் முன்னாடி எல்லா சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்க. ஒண்ணு மட்டும் ரொம்பக் குறைஞ்சால் விலகிடுங்க. காரைத் தூக்கி அடியில் பாருங்க. சேஸியில் வெல்டிங் தழும்பு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத அளவு, புது பெயின்ட் என்றால் அது அடிபட்ட கார். டிராக்குக்குப் போகும் முன் பிரேக் ஆயிலையும் பேடையும் மாத்துங்க. பழைய பிரேக் ஆயில் தண்ணியை இழுத்திருக்கும். நாலு லேப்பில் சூடாகிக் கொதிச்சால் பெடல் கீழே போயிடும். சாதாரண கார் இன்சூரன்ஸ் ரேஸுக்கும் வேகப் போட்டிக்கும் செல்லாது என்பதையும் பாலிசியில் படிச்சுக்கோங்க. போட்டியில் ஓட்டணும்னா எஃப்எம்எஸ்சிஐ லைசென்ஸ் வேணும்.

கடைசியா ஒண்ணு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராத்திரி கன்டெய்னர் லாரிக்கு நடுவில் பைக்கை முறுக்குற பசங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அவங்களில் யாராவது உங்க பிரெண்டாக இருக்கலாம். அந்த ரோட்டில் மார்ஷலும் இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை, எதிரில் வர்றவருக்கு ரேஸ் நடக்குதுன்னே தெரியாது. அவங்களுக்கு வேகத்தை விடச் சொல்லி அட்வைஸ் பண்ணினால் கேட்க மாட்டாங்க. கரி டிராக்கிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரு டிராக் டேக்குக் கூட்டிட்டுப் போங்க. நாலு பேர் காசு போட்டு ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கினாலும் போதும். கம்மி பவரில்தான் ஓட்டவே கத்துக்க முடியும் என்பதை 40 குதிரைத்திறன் இல்லாத ஒரு இன்ஜினை வெச்சே கரி காட்டிட்டுப் போயிருக்கார்.