இருவர் மட்டும் வாழ்ந்த வீடு: பெர்னார்ட் ஷாவும் சார்லட்டும்



உங்களில் பலர் 'மை ஃபேர் லேடி' படம் பார்த்திருப்பீர்கள். தெருவில் பூ விற்கும் பெண்ணுக்குச் சீமாட்டி போலப் பேசக் கற்றுக்கொடுக்கும் கதை. அதற்கு மூலம் பெர்னார்ட் ஷா எழுதிய 'பிக்மேலியன்' நாடகம். அந்தக் கதை மேடையிலும் திரையிலும் கொட்டிய பணத்தில் ஷாவுக்கு உரிய பங்கு யாருக்குப் போனது தெரியுமா? மகனுக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை. அவருக்குப் பிள்ளைகளே கிடையாது. ஓர் அருங்காட்சியகம், ஒரு நடிப்புப் பள்ளி, ஓர் ஓவியக்கூடம், இந்த மூன்றுக்கும் சமமாகப் போனது.

வங்கியில் காலம் தள்ளியவன் என்பதால் ஒருவர் வாழ்க்கையைப் படித்தால் அவருடைய உயிலையும் சேர்த்துப் படித்தால்தான் எனக்குத் திருப்தி. டெபாசிட் படிவத்தில் நாமினி என்ற கட்டம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும் தம்பதிகளைக் கவுன்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர்கள் யாருக்காகச் சேர்க்கிறார்கள் என்று வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுப்பதும் காதில் விழும். அதனால்தான் இந்த இதழுக்கு ஷா தம்பதியைத் தேர்ந்தெடுத்தேன்.

ஷா பிறந்தது 1856 ஜூலை 26, அயர்லாந்தின் டப்ளின் நகரில். அப்பா தானிய வியாபாரி, குடிப்பழக்கம் உள்ளவர். அம்மாவுக்குச் சங்கீதத்தில்தான் மனம்; கடைசியில் கணவரை டப்ளினிலேயே விட்டுவிட்டு, பாட்டு வாத்தியார் போன வழியே லண்டனுக்குப் போய்விட்டார். பையன் 15 வயதிலேயே ஒரு நில நிர்வாக அலுவலகத்தில் குமாஸ்தா. சீக்கிரமே காசாளர் நாற்காலி. கணக்கு சுத்தமாக வைத்திருந்தாராம். ஆனாலும் 19 வயதில் அந்த வேலையை உதறிவிட்டு லண்டனுக்கு வந்தார். வரிசையாக ஐந்து நாவல்கள் எழுதினார். எல்லாம் பதிப்பகங்களிலிருந்து திரும்பி வந்தன. பிரிட்டிஷ் மியூசியத்தின் இலவச வாசகசாலைதான் அவருக்குக் கல்லூரி. 1881ல் சைவ உணவுக்கு மாறினார். மதுவும் கிடையாது. அப்பாவைப் பார்த்தது போதும் என்று நினைத்திருக்கலாம்.

சார்லட் பெய்ன்-டவுன்ஷெண்டும் அயர்லாந்துக்காரர்தான். 1857 ஜனவரியில் கார்க் மாவட்டத்தில் பெரிய பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். பணம் இருந்ததே தவிர வீட்டில் நிம்மதி இல்லை. அப்பா சாது; அம்மா எல்லாரையும் ஆட்டி வைப்பவர். பெற்றவர்களின் சண்டைக்கு நடுவே வளர்ந்தவர். கல்யாணமே வேண்டாம், குழந்தை நிச்சயம் வேண்டாம் என்று சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டார். பெற்றோர் காலமாகிச் சொத்து கைக்கு வந்தபோது, புதிதாகத் தொடங்கியிருந்த லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் நூலகத்துக்கு 1,000 பவுண்டு கொடுத்தார். அக்கல்லூரி இருந்த கட்டடத்திலேயே மாடியில் குடியேறினார். நம் பாஷையில் சொன்னால், கீழே காலேஜ், மேலே பிளாட்.

இருவரையும் 1896ல் சந்திக்க வைத்தவர்கள் சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப். அக்கல்லூரியைத் தோற்றுவித்ததில் முக்கியமானவர்கள். அவர்களும் பிள்ளைகள் இல்லாத தம்பதிதான். சைக்கிள் சவாரி, அரட்டை, நாடகக் கையெழுத்துப் பிரதிகள் என்று பழக்கம் வளர்ந்தது. ஷா எல்லாவற்றையும் பிட்மன் சுருக்கெழுத்தில்தான் எழுதுவார். அதைப் படிக்கக் கற்றுக்கொண்டு சார்லட் தட்டச்சு செய்து கொடுத்தார். ஆனால் கல்யாணப் பேச்சு வந்தால் ஷா நழுவுவார். பணக்காரியின் காசுக்காகக் கட்டிக்கொண்டான் என்ற பேச்சு வரக்கூடாதே! 1897ல் அவருடைய 'தி டெவில்ஸ் டிசைப்பிள்' நியூயார்க்கில் நன்றாக ஓடிக் கையில் சொந்தக் காசு புரண்ட பிறகுதான் அந்தத் தயக்கம் குறைந்தது.

மீதித் தயக்கத்தைப் போக்கியது ஒரு செருப்புக் கடி. இறுக்கிக் கட்டிய ஷூ காலைப் புண்ணாக்கி, அது எலும்பு வரை போய் அறுவை சிகிச்சையில் முடிந்தது. ரோமிலிருந்து திரும்பிய சார்லட், அம்மாவோடு ஷா வசித்த வீட்டின் குப்பையையும் கவனிப்பாரற்ற நிலையையும் பார்த்து, இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1898 ஜூன் 1, பதிவுத் திருமணம். இருவருக்கும் 41 வயது. மாப்பிள்ளை கிழிந்த பழைய கோட்டோடு ஊன்றுகோலில் வந்தார். நன்றாக உடுத்தி வந்திருந்த சாட்சி நண்பரை மாப்பிள்ளை என்றும், தன்னை யாரோ பிச்சைக்காரர் என்றும் பதிவாளர் நினைத்துவிட்டதாக ஷா பிற்பாடு சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னதில் எத்தனை சதவீதம் கழித்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம்.

குழந்தை வேண்டாம் என்பதில் சார்லட் உறுதியாக இருந்தார். ஷா அதற்கு ஒப்புக்கொண்டார். தனித்தனிப் படுக்கையறை. அவரவர் பணம் அவரவருக்கு. ஒரு சின்ன விஷயம் என் கண்ணை உறுத்தியது. பிரெஞ்சு நாடகாசிரியர் பிரியூவின் நாடகங்களை 1911ல் ஷா முன்னுரையோடு புத்தகமாகப் போட்டார்கள். அதில் வேண்டாத பிரசவங்களின் கொடுமையைப் பேசும் நாடகத்தின் தலைப்பு 'தாய்மை'. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் சார்லட். குழந்தை வேண்டாம் என்றவர் அந்த விஷயத்தைப் பற்றி யோசிக்காமல் இருக்கவில்லை என்பது எனக்கு இதில் தெரிகிறது.

1906ல் லண்டனுக்கு வடக்கே அயட் செயின்ட் லாரன்ஸ் என்ற சின்னக் கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். இருவருக்குமே அந்த வீடு அவ்வளவாகப் பிடிக்கவில்லையாம். ஆனாலும் 1920ல் அதையே விலைக்கு வாங்கி, கடைசி வரை வைத்துக்கொண்டார்கள். பிடிக்காத பிளாட்டில் முப்பது வருடம் இருப்பவர்கள் நம்மிலும் உண்டு, பெயர் சொல்லவில்லை.

அந்த வீட்டின் தினசரி வாழ்க்கையைப் படிக்கத்தான் எனக்கு அதிக ஆசை. தோட்டத்துக் கோடியில் ஷா ஒரு மரக்குடில் போட்டார். சுழலும் அடித்தளத்தின் மேல் நிற்பதால் வெயில் போகும் பக்கம் குடிலைத் திருப்பிக்கொள்ளலாம். உள்ளே ஒரு மேசை, தட்டச்சுப்பொறி, டெலிபோன், ஒரு சின்னப் படுக்கை. குடிலுக்கு வைத்த பெயர் லண்டன். யாராவது தேடி வந்தால், ஐயா லண்டனில் இருக்கிறார் என்று வீட்டு ஆட்கள் பொய் சொல்லாமலே திருப்பி அனுப்பலாம்! காலையில் எழுத்து, மதியம் சைவச் சாப்பாடு, பிறகு நடை, விறகு வெட்டுதல், போட்டோ எடுத்தல். சார்லட் சைவம் இல்லை. ஒரே மேசையில் இரண்டு சமையல், 45 வருடம். இரவில் ஷா ஹாலில் இருந்த பியானோவை வாசித்துப் பாடுவார், சார்லட் கேட்பார்.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடவில்லை. 'பிக்மேலியன்' லண்டனில் மேடையேறியது 1914ல். அதில் பூக்காரப் பெண்ணாக நடித்த திருமதி பேட்ரிக் கேம்ப்பெல் என்ற நடிகை மேல் அதற்குச் சில வருடம் முன்பே ஷா பித்தாகிவிட்டார். கடிதம் மேல் கடிதம். சார்லட் அழுதார், கோபப்பட்டார், ஆனால் பிரியவில்லை. ஷாவின் மேதைமைக்காக இதையெல்லாம் மன்னிக்கச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. அந்த நாட்களில் சார்லட் பட்ட பாட்டை எந்த நாடகமும் ஈடு செய்யாது.

சார்லட்டுக்கும் ஒரு தனி உலகம் இருந்தது. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர் பெற்ற டி.இ. லாரன்ஸோடு 1922க்குப் பிறகு நெருங்கிய நட்பு. புகழுக்குப் பயந்து ஷா என்ற பெயரையே வைத்துக்கொண்டு விமானப்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர் அவர். கராச்சியில் பணியாற்றியபோதும் சார்லட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். வயதில் மகன் போன்றவர். தன் பிள்ளைப் பருவத்து வேதனையையும் குழந்தை வேண்டாமென்ற காரணத்தையும் சார்லட் அவரிடம் மனம் விட்டு எழுதினார். மனைவி இறந்த பிறகு அக்கடிதங்களைப் படித்த ஷா அசந்துபோனார். இத்தனை வருடம் கூடவே இருந்தும் தெரியாத சார்லட் அதில் இருந்தார்.

ஊர் சுற்றுவது சார்லட்டின் விருப்பம், முனகிக்கொண்டே கூடப் போவது ஷாவின் வழக்கம். 1932ல் தென்னாப்பிரிக்காவில் ஷா கார் ஓட்டினார். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார். வண்டி வேலியைத் தாண்டிப் பாய்ந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் மூட்டைகளோடு இருந்த சார்லட்டுக்குப் பலத்த அடி, வாரக்கணக்கில் படுக்கை. ஷா அருகிலேயே இருந்து, அந்த நாட்களில் ஒரு புத்தகத்தையும் எழுதி முடித்துவிட்டார்! அதே வருடக் கடைசியில் உலகம் சுற்றக் கப்பலேறி, 1933 ஜனவரியில் பம்பாய்க்கும் வந்து போனார்கள்.

சார்லட்டுக்குக் கடைசிக் காலத்தில் எலும்பு நோய். முதுகு வளைந்து மிகவும் துன்பப்பட்டு 1943 செப்டம்பர் 12ல் காலமானார். ஷா அஸ்தியைப் பத்திரப்படுத்தினார். மறுவருடம் வீட்டை நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே தனியாக இருந்தார். 94 வயதில், 1950 செப்டம்பரில், தோட்டத்தில் கிளை கழிக்கும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்தது. நவம்பர் 2ல் மறைந்தார். இருவர் அஸ்தியையும் ஒன்றாகக் கலந்து அதே தோட்டத்து நடைபாதையில் தூவினார்கள்.

இனி உயில்கள். சார்லட் தன் சொத்தின் வருமானத்தை ஷாவின் ஆயுள் வரை அவருக்கும், பிறகு பெரும்பகுதியை அயர்லாந்து மக்களுக்கு நல்ல கலையைக் கொண்டு சேர்க்கவும், பேச்சு, நடை உடை, பிறரோடு பழகும் பாங்கு ஆகியவற்றைக் கற்பிக்கவும் எழுதிவைத்தார். எங்களுக்கு மரியாதை தெரியாதா என்று அயர்லாந்தில் பலருக்குக் கோபம். விஷயம் கோர்ட்டுக்குப் போய், அறச்செயல்தான் என்று தீர்ப்பானது.

ஷா விட்டுப்போனது சுமார் 3,67,000 பவுண்டு. அதில் ஏறக்குறைய பாதி மரண வரியாகப் போனது. ஆங்கிலத்துக்கு ஒலிக்கு ஓர் எழுத்து வீதம் குறைந்தது 40 எழுத்துள்ள புது நெடுங்கணக்கு உருவாக்கப் பணம் ஒதுக்கியிருந்தார். அவர் பெயரையே ஆங்கிலத்தில் எழுத நான்கு எழுத்து வேண்டும். நமக்கு 'ஷா' என்று ஒரே எழுத்து! ஆனால் 1957ல் கோர்ட் இந்த ஏற்பாடு செல்லாது என்றது. சமரசமாக 8,300 பவுண்டு மட்டும் அதற்குக் கிடைத்தது. போட்டி வைத்து எழுத்தை உருவாக்கி, 1962ல் ஒரே ஒரு நாடகத்தை அதில் அச்சிட்டார்கள். அதோடு சரி.

மற்றதெல்லாம் மூன்று பங்கு. படிக்க இடம் கொடுத்த பிரிட்டிஷ் மியூசியம், அவர் நிர்வாகக் குழுவில் இருந்த லண்டன் நடிப்புப் பள்ளி, சிறுவயதில் சுற்றிச் சுற்றி வந்த டப்ளின் தேசிய ஓவியக்கூடம். 1956ல் 'மை ஃபேர் லேடி' நியூயார்க்கில் தொடங்கியதும் பணம் பெருகியது. டப்ளின் ஓவியக்கூடம் அந்தப் பணத்தில் பல ஓவியங்களை வாங்கியது. அங்கே அவர் சிலையும் இருக்கிறது.

பிரிட்டனில் காப்புரிமை ஆசிரியர் மறைவுக்குப் பின் 70 வருடம். 2020 கடைசியில் முடிந்தது. நம் நாட்டில் 60 வருடம்தான், 2010லேயே முடிந்துவிட்டது. ஆகவே ஆண்டு விழாவில் நம் பெண்கள் குழு 'பிக்மேலியன்' நாடகத்தைத் தமிழாக்கிப் போட்டால் ஷா பெயரில் யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. 'மை ஃபேர் லேடி' பாட்டுகளைத் தொடவேண்டாம், அந்த உரிமை வேறு ஆட்களிடம் இருக்கிறது.