இடங்கை மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளை



எங்கள் ஊர் திருமழபாடி நந்தி கல்யாணத்துக்குப் பெயர் பெற்றது. ஒவ்வொரு வருடமும் பங்குனியில் திருவையாற்று ஐயாறப்பரே கொள்ளிடம் தாண்டி வந்து நடத்தி வைக்கும் கல்யாணம் அது. மாப்பிள்ளையான நந்தி, சிவபெருமான் ஆடும்போது மத்தளம் வாசித்தவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஊர்க்காரன் ஒரு மிருதங்க மேதையைப் பற்றி எழுதுவது பொருத்தம்தானே!

பழநி சுப்பிரமணிய பிள்ளை 1908-இல் பிறந்தார். தந்தை பழநி முத்தையா பிள்ளை புகழ்பெற்ற லய வித்துவான். வீடே பள்ளிக்கூடம். மான்பூண்டியா பிள்ளை வழிவந்த புதுக்கோட்டைப் பாணிதான் பாடம். எல்லாம் இருந்தும் ஒரே ஒரு சங்கடம். பையனுக்கு இடது கைப் பழக்கம். நம்ம ஊர்ப் பேச்சில் பீச்சாங்கை.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும். இடது கைக்காரர் கருவியைத் திருப்பி வைத்து வாசிப்பதால், அவர் பாடகரின் மறுபக்கம் உட்கார வேண்டும். அப்படியானால் வயலின்காரரும் எழுந்து இடம் மாற வேண்டும். அன்றைய வித்துவான்கள் பலர் அதற்குச் சம்மதிக்கவில்லை. திறமையில் குறை இல்லாமலே வாய்ப்புகள் கைநழுவின.

கையை மாற்றிக்கொள் என்று சொல்வது சுலபம். எனக்கும் இடது கைதான். டிராயிங் வகுப்பில் மினி டிராஃப்டரைப் போர்டில் மாட்டும்போதெல்லாம், இதைச் செய்தவர் என்னை நினைக்கவே இல்லை என்று தோன்றும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அதனால் நமக்கென்று போடாத நாற்காலியில் உட்காரும் கூச்சம் எனக்குத் தெரியும்.

பழநி கையை மாற்றவில்லை. அவருக்குத் துணை நின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். தம் கச்சேரிகளில் அவரைத் தொடர்ந்து வாசிக்க வைத்தார். பெரியவர் ஒருவர் பிடிவாதமாக நின்றதும் மேடை வழிவிட்டது. பிறகு ஜி.என்.பி., மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள் என்று எல்லோருக்கும் வாசித்தார். பாலக்காடு மணி ஐயர், இராமநாதபுரம் முருகபூபதி ஆகியோரோடு சேர்த்து மிருதங்க மும்மூர்த்திகளில் ஒருவர் ஆனார். கஞ்சிராவிலும் வல்லவர்.

அவருடைய தனிச்சிறப்பு தொப்பி. மிருதங்கத்தின் கனத்த ஓசைப் பக்கம் அது. மேல்நாட்டு ஜாஸ் குழுவில் டபுள் பாஸ் செய்யும் வேலையை இங்கே தொப்பி செய்கிறது. அடியில் நின்று பாட்டைத் தாங்கும். கச்சேரிக்கு முன் ரவையைத் தண்ணீரில் பிசைந்து தொப்பியில் அப்புவார்கள். எடை கூடினால் அதிர்வெண் குறையும், நாதம் ஆழமாகும். நாம் படிக்கும் இயற்பியல்தான்! வலந்தலையின் கறுப்புச் சோறு எப்படி ஸ்ருதி சுத்தம் தருகிறது என்பதை நம் திருச்சிக்காரர் சர் சி.வி.இராமன் 1920-லேயே ஆராய்ந்து வெளியிட்டார். தொப்பியில் கையை அழுத்தி இழைத்து எழுப்பும் நாதத்துக்குக் கும்கி என்று பெயர். பழநியின் கும்கியை இன்றைக்கும் ஒலிப்பதிவுகளில் கேட்கலாம். சத்தம் போட மாட்டார். பாட்டுக்கு வேண்டிய இடத்தில் சும்மா இருப்பார். அந்த மௌனத்துக்குப் பிறகு விழும் ஒரு கும்கி, ஆளை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

1962-இல் அவர் மறைந்தபோது அறுபது வயதுகூட ஆகவில்லை. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் 1966-இல்தான் முதன்முறையாக ஒரு மிருதங்க வித்துவானுக்கு, பாலக்காடு மணி ஐயருக்குக் கிடைத்தது. பழநிக்கு அந்தக் காலம் வாய்க்கவில்லை. ஆனால் அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 2011-இல் அதே பட்டத்தைப் பெற்றார். லால்குடி பக்கத்துப் பூவாளூரில் 1942-இல் பிறந்த அவர், 1971-இல் கனடா சென்று டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக மிருதங்கம் கற்பித்தார். பழநியின் பாணி கடல் கடந்தது.

நண்பர்களே, திறமை மட்டும் போதும் என்று இந்த வாழ்க்கை சொல்லவில்லை. திறமை பழநியிடம் முதலிலேயே இருந்தது. பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நாளைக்கு நாமும் ஒர்க்‌ஷாப்பில், ஆபீஸில் மேலே வருவோம். நமக்குப் பின்னால் வரும் ஒருவனுக்காக, ஒருத்திக்காக, முகம் சுளிக்காமல் இடம் மாறி உட்காருவோம்.