விண்ணளந்த மேதை சந்திரசேகர்

நமது புத்தூரிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவானைக்காவல். சர் சி. வி. இராமன் 1888-இல் அங்கே பிறந்தார் என்பதை நாம் அறிவோம். அவருடைய அண்ணன் மகனும் நோபல் பரிசு பெற்றவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர்.

இவர் 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். தந்தையார் இரயில்வே கணக்குத் துறை அதிகாரி. தாயார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கிய அறிவுடைய பெண்மணி. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற மகனுக்குக் கேம்பிரிட்ஜ் செல்ல உதவித்தொகை கிடைத்தபோது அத்தாய் நோயுற்றிருந்தார். எனினும் மகனைத் தடுக்காமல் ஊக்கமூட்டி அனுப்பினார். 1930-இல் கப்பலேறிய மகனை அவர் மீண்டும் காணவில்லை. மறு ஆண்டே காலமானார்.

அக்கப்பலில்தான் பத்தொன்பது வயது சந்திரசேகர் தம் புகழ்பெற்ற கணக்கைத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறு மீனாகும். ஆனால் அதன் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கை மீறினால் அந்நிலையில் நிற்க இயலாது. மேலும் சுருங்கும் என்று கண்டார். 1935 ஜனவரியில் இலண்டனில் அறிஞர்கள் முன் இதை விளக்கியபோது, பெரும் வானியலார் எடிங்டன் எள்ளி நகையாடினார். சந்திரசேகர் மனம் நொந்தார். ஆனால் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1937-இல் அமெரிக்கா சென்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். 1983-இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. 1995-இல் மறைந்தார்.

1999-இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று அவர் பெயரையே சூட்டினர். தொலைதூர அண்டங்களின் நடுவே பெருங் கருந்துளைகள் உள்ளன. அவற்றில் விழும் வாயு கொதித்து எக்ஸ் கதிர்களை வீசுகிறது. தொலைவிலிருந்து வரும் ஒளி பழங்காலத்து ஒளியன்றோ! ஆகவே ஒவ்வொரு தொலைவிலும் இவை எத்தனை என எண்ணினால் அண்டங்களின் வரலாறே விளங்கும். சந்திராவும் பிற தொலைநோக்கிகளும் எண்ணிக் காட்டிய உண்மை இது: மிகப் பிரகாசமான குவாசர்கள் ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன்பே மிகுந்திருந்தன, ஒளி குறைந்தவை அதற்குப் பின்னர் பெருகின. இன்று பெரும்பாலானவை அடங்கிவிட்டன. நம் பால்வெளியின் நடுவில், சூரியனைப்போல் நாற்பது இலட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளையும் அமைதியாகவே இருக்கிறது.

அவையில் நகைப்புக்குள்ளான கணக்கு இன்று பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. உண்மை என்று ஆராய்ந்து தெளிந்ததைப் பிறர் நகைத்தாலும் கைவிடலாகாது. மாணவியராகிய நாம் அவர் வாழ்விலிருந்து கற்க வேண்டிய பாடம் இதுவே.