வெள்ளத்துக்கு வழி சொன்ன விஸ்வேஸ்வரய்யா

போன ஐப்பசி மழையில் எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. பாட்டியோட அரிசி மூட்டை நனைஞ்சு போச்சு. அப்போதான் டீச்சர் எனக்கு இவரைப் பத்திச் சொன்னாங்க.

விஸ்வேஸ்வரய்யா 1861 செப்டம்பர் 15 அன்று மைசூர் சமஸ்தானத்தில் முத்தேனஹள்ளியில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துட்டார். மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத்தான் படித்தார். புனேயில் படித்து இன்ஜினியர் ஆனார்.

1908 செப்டம்பரில் ஐதராபாத்தில் பேய் மழை. மூசி ஆறு ஊருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஒரு புளியமரத்தில் ஏறி நூறு பேருக்கு மேல தப்பிச்சாங்களாம்!

மறு வருடம் நிஜாம் அரசு இவரை அழைத்தது. ஆற்றை மட்டும் பார்க்காமல், மழை எங்கே பெய்து எப்படி ஓடி வந்தது என்று இவர் கணக்குப் பார்த்தார். மேலே 200க்கு மேற்பட்ட ஏரிகள் உடைந்திருந்தன. மேல் ஏரி உடைஞ்சா கீழ் ஏரி எப்படித் தாங்கும்? அதனால் ஊருக்கு மேலேயே வெள்ளத்தைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடத் திட்டம் போட்டார். 1920ல் உஸ்மான் சாகர், 1927ல் இமாயத் சாகர் கட்டி முடிந்தன. ஊரை அழிச்ச தண்ணியே குடிதண்ணி ஆச்சு! நகரத்துக்குச் சாக்கடைத் திட்டமும் போட்டார்.

1955ல் பாரத ரத்னா வாங்கினார். 1962ல் 100 வயதில் காலமானார்.

நம்ம ஏரிக்கு மேல ரெண்டு ஏரி இருக்காம், ஒண்ணுல கரை உடைஞ்சு கிடக்காம். தாத்தா சொன்னார். ஞாயித்துக்கிழமை பார்க்கப் போறேன். யார் யார் வர்றீங்க?

– 9ஆம் வகுப்பு மாணவி