பீர் ஆலைகளை வாங்கிக் குவித்த அப்பா மல்லையா... கடைசியில் அந்த சாம்ராஜ்யத்தை வாங்கியது யார்?

மல்லையான்னு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருவார்? கடன், ஏர்லைன்ஸ், லண்டன், காலண்டர்... அந்த மல்லையாதானே? அவரைக் கொஞ்ச நேரம் ஓரமா உட்கார வைங்க. இது அவரோட அப்பா விட்டல் மல்லையாவின் கதை. சத்தமே போடாம, ஒவ்வொரு கம்பெனியா வாங்கி, இந்திய மது வியாபாரத்தின் பெரும்பகுதியைத் தன் கைக்குள் கொண்டுவந்த மனுஷன்.

அதுக்கு முன்னாடி எளாவூர் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடலாம்.

எளாவூர் செக்போஸ்ட் சொல்ற பாடம்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனா, கும்மிடிப்பூண்டி தாண்டி எளாவூர் வரும். கிழக்கே பழவேற்காடு ஏரி, மீனவ கிராமங்கள். வடக்கே கொஞ்ச தூரத்தில் ஆந்திரா. இங்கே இருக்கிற சோதனைச் சாவடியில் அக்கம்பக்கத்து மாநிலச் சரக்கு பிடிபட்டதுன்னு அடிக்கடி செய்தியில் படிச்சிருப்பீங்க.

ஒரு மாநிலத்தில் கடையில் விற்கிற பாட்டில், எல்லை தாண்டினதும் எப்படிக் கடத்தல் பொருளா மாறுது? காரணம் சிம்பிள். நம்ம அரசியலமைப்பில் மது என்பது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வரி, தனி லைசென்ஸ், தனி விதி. பிஸ்கட் மாதிரி ஒரே இடத்தில் தயாரிச்சு நாடு முழுக்க அனுப்புறது பீர் விஷயத்தில் கட்டுப்படியாகாது. அந்தந்த மாநிலத்திலேயே ஆலை இருக்கணும். புதுசா ஆலை கட்ட லைசென்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்போ சுலபமான வழி எது? ஏற்கெனவே லைசென்ஸோட ஓடிக்கிட்டிருக்கிற ஆலையை வாங்குறது.

விட்டல் மல்லையாவின் வாழ்க்கையைப் புரிஞ்சுக்க இந்த ஒரு கணக்கு தெரிஞ்சா போதும்.

மாட்டு வண்டியில் போன பீர்

வெள்ளைக்காரர்கள் காலத்தில் தென்னிந்தியாவில் சின்னச் சின்ன பீர் ஆலைகள் தனித்தனியா இயங்கின. இன்னைக்கு நாம கிராஃப்ட் பீர்னு ஸ்டைலா சொல்றோமே, அந்த அளவில்தான் அன்றைய ஆலைகள் பலவும் இருந்தன. 1915-ல் தாமஸ் லீஷ்மேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கேஸில் புருவரி, நீலகிரீஸ் புருவரி, பெங்களூர் புருவிங் கம்பெனி உட்பட 5 ஆலைகளை ஒன்றாக்கினார். அப்படிப் பிறந்ததுதான் யுனைடெட் புருவரீஸ். சுருக்கமா யு.பி.

முக்கியமான வாடிக்கையாளர்கள் பிரிட்டிஷ் சிப்பாய்கள். பெரிய பெரிய மரப் பீப்பாய்களில் பீரை நிரப்பி, மாட்டு வண்டியில் ஏற்றி மெட்ராஸ், பெங்களூர், நீலகிரி ராணுவ முகாம்களுக்கு அனுப்பினார்கள். ஆக, சின்ன ஆலைகளைச் சேர்த்து ஒரு பெரிய கம்பெனியாக்கும் வேலையை ஆரம்பிச்சது மல்லையா இல்லை. ஆனா, அவர் அதை எங்கேயோ கொண்டுபோனார்.

22 வயசில் ஷேர் வேட்டை

விட்டல் மல்லையா பிறந்தது 1924-ல், டாக்காவில். பூர்வீகம் மங்களூர் பக்கத்தில் இருக்கிற பண்ட்வால். அப்பா ராணுவ மருத்துவர். கல்லூரிப் படிப்பு கல்கத்தாவில். அந்தக் காலத்தில் ஒரு டாக்டர் வீட்டுப் பையன் அரசு வேலைக்குப் போவான், இல்லைன்னா அவனும் டாக்டராவான். இவருக்குப் பிடிச்சது பங்குச் சந்தை.

1946-47. நாடு சுதந்திரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்ட ஆரம்பிச்சிருந்தாங்க. பீர் குடிக்கிற சிப்பாயும் கப்பலேறப் போறான். போதாததற்கு, மெட்ராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு பரவிக்கொண்டிருந்தது. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கியது, 1948-ல் மாகாணம் முழுக்க வந்துவிட்டது. இப்படி ஒரு நேரத்தில் பீர் கம்பெனி ஷேரை யாராவது வாங்குவாங்களா?

விட்டல் வாங்கினார். 22 வயசில் யு.பி. ஷேர்களைச் சேர்க்க ஆரம்பிச்சு, 1947-ல் அந்தக் கம்பெனியின் முதல் இந்திய இயக்குநரானார். அடுத்த வருஷமே சேர்மன். அவர் வயசு 24.

அடுத்தது என்ன விலை?

அங்கிருந்து வரிசையா ஷாப்பிங்தான். 1951-ல் மெக்டொவல் கம்பெனி. இது நம்ம ஊர் சமாசாரம். 1826-ல் மெட்ராஸில் தொடங்கப்பட்டு, சரக்கும் சுருட்டும் இறக்குமதி செய்து விற்ற வியாபார நிறுவனம் அது. அதை வாங்கி, 1959-ல் கேரளாவின் சேர்த்தலையில் சொந்தமா மது தயாரிப்பைத் தொடங்கினார். வெளிநாட்டுச் சரக்கை இறக்குமதி செய்து விற்ற பெயர், உள்நாட்டுச் சரக்கின் பெயராக மாறியது. அப்புறம் கேர்யூ ஃபிப்ஸன், ஹெர்பர்ட்ஸன்ஸ் என்று பட்டியல் நீண்டது.

இன்னொரு பெயர் உங்க வீட்டு ஃப்ரிட்ஜிலேயே இருக்கலாம். கிஸான் ஜாம்! 1950-லேயே அந்தக் கம்பெனியையும் வாங்கிப்போட்டார். மது வியாபாரத்துக்கு எந்த அரசாங்கம் எப்போ பூட்டுப் போடும்னு யாருக்கும் தெரியாது. ஒரு கை மதுவில், இன்னொரு கை ஜாமில். ஒண்ணு கவிழ்ந்தா இன்னொண்ணு தாங்கும் என்ற கணக்கு.

இவ்வளவும் செய்தவர் விளம்பர வெளிச்சத்தில் நிற்கவே மாட்டார். எளிமையானவர், சிக்கனக்காரர், பேலன்ஸ் ஷீட்டைக் கதைப்புத்தகம் மாதிரி படிப்பவர் என்றுதான் அவருக்குப் பெயர். மகன் விஜய் அப்படியே நேரெதிர். 1983 அக்டோபரில் மாரடைப்பால் விட்டல் மல்லையா இறந்தபோது அவருக்கு 59 வயது. சேர்மன் நாற்காலியில் உட்கார்ந்த விஜய்க்கு வயது 28 கூட நிறையவில்லை.

வாங்கினவரை வாங்கினாங்க

மகனும் அப்பா வழியில் வாங்கினார். 2005-ல் பரம எதிரியாக இருந்த ஷா வாலஸ் கம்பெனியையே வளைத்துப் போட்டார். ஆனா, ஏர்லைன்ஸ் கனவு எல்லாத்தையும் கவிழ்த்தது. 2014-க்குள் மது கம்பெனியின் பெரும்பான்மை பிரிட்டனின் டியாஜியோ கைக்குப் போனது. 2021-ல், வங்கிக் கடனுக்காக விற்கப்பட்ட மல்லையா ஷேர்களை வாங்கி, நெதர்லாந்தின் ஹெய்னகென் யு.பி-யில் 61.5 சதவிகிதத்தைப் பிடித்தது. சின்ன ஆலைகளை விழுங்கின மீனை அதைவிடப் பெரிய திமிங்கலம் விழுங்கிய கதை. இதே ஹெய்னகென்தான் அமெரிக்காவின் பிரபல கிராஃப்ட் பீர் கம்பெனியான லகுனிடாஸை 2015-ல் பாதியும், 2017-ல் மீதியும் வாங்கியது.

யார் வாங்கினா நமக்கென்னன்னு கேட்கிறீங்களா? 2021 செப்டம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் ஒரு உத்தரவு போட்டது. யு.பி., கார்ல்ஸ்பெர்க், ஏ.பி. இன்பெவ் ஆகிய 3 பெரிய தரப்பும் 2009-க்கும் 2018-க்கும் இடைப்பட்ட காலத்தில் தங்களுக்குள் பேசிவைத்து பீர் விலையைத் தீர்மானித்தன என்று ஆணையம் கண்டறிந்தது. யு.பி-க்கு மட்டும் சுமார் 752 கோடி ரூபாய் அபராதம். தானாக முன்வந்து தகவல் சொன்னதால் இன்பெவ்வுக்கு அபராதத்திலிருந்து விலக்கு. உத்தரவை எதிர்த்து மற்ற கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஒரு சந்தையில் 50 பேர் விற்றால் ரகசியமா விலை பேசுறது கஷ்டம். 3 பேர் என்றால் ஒரு வாட்ஸ்அப் குரூப் போதும்.

அதுக்காக சின்ன கம்பெனி என்றாலே புனிதம்னு சொல்ல வரலை. பாட்டில் யாருடையதா இருந்தாலும், குடிச்சுக் கெட்ட வீட்டுக்கு வித்தியாசம் தெரியாது. பழவேற்காட்டுக்கு வடக்கே நெல்லூர் மாவட்டத்தின் துபகுண்டா கிராமத்துப் பெண்கள் 1992-ல் சாராயத்துக்கு எதிராகக் கிளம்பியது, 1995-ல் ஆந்திராவையே மதுவிலக்கு வரைக்கும் கொண்டுபோனது. அந்தப் பெண்கள் கம்பெனி பெயர் பார்த்துச் சண்டை போடலை.

ஏரியில் ஒரு பழைய முறை

பழவேற்காடு மீனவர்களிடம் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு. ஏரியில் மீன் நல்லா விழுற இடங்களுக்குச் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். இன்னைக்கு உங்களுக்கு நல்ல இடம்னா, நாளைக்கு இன்னொருத்தருக்கு. யாருக்குப் பாடு உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்பதில் தகராறுகளும் வராமல் இல்லை. ஆனாலும் அடிப்படை எண்ணம் ஒண்ணுதான். காசு இருக்கிறவர் மொத்த ஏரியையும் வளைச்சுடக் கூடாது.

விட்டல் மல்லையா எந்தச் சட்டத்தை மீறி வளர்ந்தார் என்று சொல்ல இந்தக் கதையில் எதுவும் இல்லை. புத்தியும் பொறுமையும் இருந்தது, விற்கத் தயாராக இருந்ததை வாங்கினார். ஆனா, அவர் கட்டின சாம்ராஜ்யம் அவர் இறந்து 40 வருஷத்துக்குள் குடும்பத்தின் கையை விட்டுப் போய்விட்டது. பெங்களூரில் விட்டல் மல்லையா ரோடு என்ற பெயர்ப் பலகை மட்டும் அப்படியே இருக்கு. அடுத்த முறை ஒரு சின்ன பிராண்டைப் பெரிய கம்பெனி வாங்கிடுச்சுன்னு நியூஸ் வந்தா, என்ன விலைன்னு மட்டும் பார்க்காதீங்க. அந்தச் சந்தையில் மிச்சம் எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க.