எலும்பு வரைந்த பையன்

ஸ்பெயின் நாட்டில் ஒரு கிராமத்து டாக்டர். அவருடைய மூத்த மகன் சந்தியாகோ ரமோன் காஹால். 1852-ம் ஆண்டு பிறந்தவன். பெரிய போக்கிரி!

பள்ளிக்கூடம் அவனுக்கு வேப்பங்காய். படம் வரைவது என்றால் உயிர். சுவர், கதவு, புத்தகம் எதையும் விடமாட்டான்.

11 வயதில் பீரங்கி ஒன்று செய்தான். வெடிமருந்தைக் கெட்டித்துச் சுட்டான். பக்கத்து வீட்டுத் தோட்டக் கதவு தூள் தூள்! சிறுவன் என்றும் பாராமல் சில நாள் சிறையில் அடைத்தார்கள்.

தந்தையின் கோபம்

மகனை டாக்டராக்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்று அவருக்குக் கவலை. தேவாலயத்துக்கு வெள்ளையடிக்க வந்த ஒருவரிடம் மகன் வரைந்த படத்தைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார். பையன் தேறமாட்டான் என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்!

அதோடு படம் வரையத் தடை. முரட்டுத்தனம் அடங்கட்டும் என்று, பையனை நாவிதரிடம் வேலைக்கு விட்டார். பிறகு செருப்புத் தைப்பவரிடம் விட்டார். ஒன்றும் பலிக்கவில்லை.

கல்லறையில் பாடம்

1868-ம் ஆண்டு கோடைக்காலம். தந்தைக்கு ஒரு யோசனை பிறந்தது. மகனைப் பழைய இடுகாட்டுக்கு அழைத்துப் போனார். வெளியே கிடந்த எலும்புகளைப் பொறுக்கி வந்து பாடம் நடத்தினார்.

பையன் ஒவ்வோர் எலும்பையும் வரைந்தான். வரைய வரைய ஆர்வம் வளர்ந்தது. எந்தக் கையைத் தந்தை தடுத்தாரோ, அந்தக் கையே அவனைப் படிக்க வைத்தது!

1873-ல் சந்தியாகோ டாக்டர் ஆனார். ராணுவ டாக்டராகக் கியூபா தீவுக்குப் போனார். மலேரியா பிடித்து, எலும்பும் தோலுமாகத் திரும்பினார். அங்கே சம்பாதித்த பணத்தில் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார்.

வலையா, தோப்பா?

மூளையில் உள்ள நரம்புகள் மீன் வலைபோல ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன என்று அந்நாளில் அறிஞர்கள் பலர் நம்பினார்கள்.

இத்தாலி நாட்டு கோல்ஜி என்பவர், வெள்ளி உப்பைக் கொண்டு மூளைத் துண்டுக்குச் சாயம் ஏற்றும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். சில நரம்புச் செல்கள் மட்டும் கறுப்பாகத் தெரியும். 1887-ல் காஹால் இதைப் பார்த்தார். சொக்கிப்போனார்.

வளர்ந்த மூளையில் நெரிசல் அதிகம். ஆகவே குஞ்சுகளின் இளம் மூளையை எடுத்துப் பார்த்தார். 1888-ல் உண்மை தெரிந்தது. அது வலை அல்ல, தோப்பு! ஒவ்வொரு செல்லும் ஒரு தனி மரம். கிளைகள் நெருங்கி நிற்கின்றன; ஆனால் ஒட்டவில்லை.

ஸ்பானிய மொழிப் பத்திரிகையை வெளிநாட்டில் யார் படிப்பார்கள்? காஹால் தம் கைப்பணத்தில் ஒரு பத்திரிகை தொடங்கினார். முதல் இதழ் 60 பிரதிகள். அவற்றை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். 1889-ல் தாமே பெர்லினுக்குச் சென்று, மைக்ராஸ்கோப்பில் நேரில் காட்டினார். முதுபெரும் அறிஞர் கோலிக்கர் பார்த்தார், ஒப்புக்கொண்டார்!

மேடையில் எதிர்ப்பு

1906-ல் காஹாலுக்கும் கோல்ஜிக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அதே மேடையில் கோல்ஜி, காஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார்!

1934-ல் தமது 82-வது வயதில் காஹால் காலமானார். 1950-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் தீர்ப்பு வழங்கியது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே நுண்ணிய இடைவெளி இருக்கிறது!

இதனால் நமக்கு என்ன பயன்? இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்புவது ஏன்? அந்தத் தசையை ஆட்டும் செல்கள் முதுகுத் தண்டில் மடிந்துவிடுவதால்தான். வலிப்புக்கும் மனநோய்க்கும் தரும் மருந்துகள் பலவும் அந்த இடைவெளியில்தான் வேலை செய்கின்றன.

காஹால் வரைந்த படங்களை மருத்துவ மாணவர்கள் இன்றும் பார்த்துப் படிக்கிறார்கள். தேறமாட்டான் என்று வெள்ளையடிக்க வந்தவர் சொன்னாரே, அதே கை வரைந்த படங்கள்தாம் அவை!